ஒரு சட்ஜமும் அதைச் சுற்றிய வாத்தியங்களும்

மார்கழி மாதம் சென்னையில் எந்த சபாவுக்குப் போனாலும் இதைப் பார்க்கலாம். திரை விலகிவிடும், பாடகர் சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பார், ஆனால் பாட்டு தொடங்காது. மிருதங்கக்காரர் ஒரு கருங்கல்லையும் சின்ன மரக்கட்டையையும் வைத்துக்கொண்டு, வாத்தியத்தின் வலது முகமான வலந்தலையின் விளிம்பைச் சுற்றிச் சுற்றித் தட்டிக்கொண்டிருப்பார். வயலின்காரர் பிரடையைத் திருகுவார். கடக்காரர் கொண்டுவந்த பானைகளில் எதை மடியில் வைப்பது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். முதல்முறை வருகிறவருக்கு, இதையெல்லாம் உள்ளேயே முடித்துவிட்டு வரக்கூடாதா என்று தோன்றும். முடித்துவிட்டுத்தான் வந்திருப்பார்கள். மேடை விளக்கின் சூடும் அரங்கத்தின் ஏசிக் குளிரும் அதைக் கலைத்துவிட்டிருக்கும்.

இத்தனை பேரும் சேர்ந்து தேடுவது ஒரே ஒரு ஸ்வரத்தை. பாடகரின் சட்ஜம், அதாவது ‘ச’. அடுத்த இரண்டரை மணி நேரத்துக்கு மேடையில் எந்த ஒலி எழுந்தாலும் அதை வைத்துத்தான் அளக்கப்படும்.

பள்ளிப் பாடப்புத்தகம் வாத்தியங்களை நரம்புக்கருவி, துளைக்கருவி, தோற்கருவி, கஞ்சக்கருவி என்று பிரித்துக் கொடுக்கும். பரீட்சைக்கு அது போதும். ஆனால் வீணைக்கு ஏன் இருபத்து நான்கு மெட்டு (தந்தியை அழுத்திப் பிடிக்கிற குறுக்குப் பட்டை), மிருதங்கத்தின் நடுவில் ஏன் அந்தக் கறுப்பு வட்டம், மேற்கிலிருந்து வந்த வயலினை ஏன் தரையில் உட்கார்ந்து வாசிக்கிறார்கள் என்பதற்கெல்லாம் அந்தப் பட்டியலில் பதில் கிடையாது. மாறாத ஒரு ஆதார சுருதி, அதன்மேல் அசைந்துகொண்டே இருக்கும் ஸ்வரங்கள் என்ற இரண்டையும் மனதில் வைத்துக்கொண்டு பார்த்தால் ஒவ்வொரு வாத்தியத்தின் உடம்பும் தன் கதையைத் தானே சொல்லிவிடும்.

சட்ஜத்துக்கு என்று நிலையான உயரம் எதுவும் கிடையாது. அவரவர் குரலுக்கு எது வாகோ அதுவே சட்ஜம். ஆண்கள் பெரும்பாலும் ஒரு கட்டையை ஒட்டிப் பாடுவார்கள். பெண்கள் ஐந்து, ஐந்தரை. இந்தக் கட்டைக் கணக்கு ஆர்மோனியத்தின் கட்டைகளை எண்ணி வந்தது. ஆர்மோனியத்தைப் பக்கவாத்தியமாக உட்கார வைக்காத கர்நாடக மேடை, தன் சுருதியைச் சொல்ல மட்டும் அதனிடம் கடன் வாங்கிக்கொண்டது. ஆர்மோனியத்தை ஏன் ஒதுக்கினார்கள் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

சட்ஜம் எங்கே என்று முடிவானதும் பஞ்சமமும், அதாவது ‘ப’வும், முடிவாகிவிடும். இந்த இரண்டும் எந்த ராகத்திலும் நகராத ஸ்வரங்கள். பழந்தமிழ் இசையில் இவை குரல், இளி. தம்புராவின் நான்கு தந்திகளும் இவற்றை மட்டுமே சொல்கின்றன. முதலில் பஞ்சமம், அப்புறம் ஒரே உயரத்தில் இரண்டு சட்ஜம், கடைசியாகக் கீழ்ச் சட்ஜமான மந்தர சட்ஜம். கச்சேரி முழுக்க இந்த வரிசைதான். இசையில் இதைவிடச் சலிப்பான வேலை இல்லை என்று தோன்றும். ஆனால் நன்றாகச் சுருதி சேர்ந்த தம்புராவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால், யாரும் மீட்டாத ஒரு ஸ்வரம் காதில் விழும். அது அந்தர காந்தாரம். மந்தர சட்ஜத் தந்தி அதிரும்போது, அதன் அதிர்வைப் போல் ஐந்து மடங்கில் கூடவே எழும் மேற்சுரமாக அது பிறக்கிறது. சங்கராபரணமோ கல்யாணியோ பாடும்போது பாடகரின் காந்தாரம் போய் உட்காருகிற இடத்தைத் தம்புரா முன்பே போட்டு வைத்திருக்கிறது.

இந்த மேற்சுரங்களை வெளியே இழுத்துக் கொடுப்பது ஒரு துண்டு நூல். தம்புராவின் தந்திகளைத் தாங்கும் குதிரை தட்டையும் இல்லை, கூர்முனையும் இல்லை. லேசாக வளைந்த பரப்பு. அதன்மேல் தந்திக்கு அடியில் ஜீவாளி என்ற நூலைச் செருகி, முன்னும் பின்னும் நகர்த்துவார்கள். ஏதோ ஓர் இடத்தில், ஒரு மயிரிழை தூரத்தில், அதுவரை டொக்கென்று கிடந்த தந்தி ரீங்காரம் போட ஆரம்பிக்கும். தந்தி அதிரும் ஒவ்வொரு முறையும் குதிரையின் வளைவை உரசி உரசி விலகுவதால் வருவது அது. சர் சி.வி. ராமன் 1921-இல் வீணை, தம்புரா பற்றி எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இந்தக் குதிரையைத்தான் எடுத்துக்கொண்டார். ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அந்தப் புள்ளியில் அசைவே இல்லாத மேற்சுரங்கள் எழக்கூடாது என்பது ஐரோப்பிய இயற்பியல் வகுத்திருந்த விதி. தம்புராவில் அவையும் தெளிவாகக் கேட்கின்றன என்று அவர் காட்டினார்.

அடித்தளம் இவ்வளவு உறுதியாக இருப்பதால்தான் மேலே இருப்பவை தாராளமாக ஆடலாம். ஒரு சட்ஜத்திலிருந்து அடுத்த சட்ஜம் வரையிலான ஒரு ஸ்தாயியில் பன்னிரண்டு ஸ்வரஸ்தானங்கள். சட்ஜ பஞ்சமத்தை விட்டுவிட்டால், ரிஷப காந்தாரச் சேர்க்கை ஆறு, தைவத நிஷாதச் சேர்க்கை ஆறு, மத்தியமம் இரண்டு. பெருக்கினால் எழுபத்திரண்டு. பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் காலத்து வேங்கடமகி வகுத்த மேளகர்த்தா என்ற தாய் ராகக் கணக்கு இதுதான். கணக்கு அழகானது, மறுக்கவில்லை. ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு ராகத்தைப் பாட முடியாது.

தோடி ராகத்தை எடுத்துக்கொள்வோம். கணக்குப்படி அதில் வருவது ‘சாதாரண காந்தாரம்’ என்ற ஸ்வரம். ஆர்மோனியத்தில் அந்தக் கட்டையை அழுத்தினால் ஸ்வரம் வரும், தோடி வராது. தோடியின் காந்தாரம் ரிஷபத்தை ஒட்டிய இடத்திலிருந்து மத்தியமத்தை எட்டிப் பார்த்துவிட்டு இறங்கும் ஓர் அசைவு. அந்த அசைவின் அகலமும் வேகமும்தான் தோடி. இதைத்தான் கமகம் என்கிறோம். சங்கீதம் கற்கிற பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் வதைப்பதும் இதுதான். ஸ்வரத்தைத் தாளில் எழுதிக் கொடுக்கலாம். அசைவைக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

ஆர்மோனியத்துக்குக் கதவடைத்தது இந்தக் காரணம். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே அதற்கு வழியில்லை. அகில இந்திய வானொலி 1940-இல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டது. 1971-இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. தடையில் அந்நியப் பொருள் எதிர்ப்பும் கலந்திருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனாலும் வடக்கே ஹிந்துஸ்தானி பாடகர்கள் மேடையில் அதை விடவில்லை. முப்பதுக்கும் மேற்பட்ட அதிர்வுத் தந்திகளோடு குரலை நிழலாய்ப் பின்தொடரும் சாரங்கி இருந்த இடத்தில் இன்று பெரும்பாலும் ஆர்மோனியமே இருக்கிறது. சாரங்கிக்குச் சுருதி சேர்க்கும் பாடு அப்படி. என் காதுக்கு இது நஷ்டமான பேரம்தான்.

வீணைக்கு வருவோம். இன்றைய சரஸ்வதி வீணையின் அமைப்பை ரகுநாத நாயக்கர் காலத்தோடு, அதாவது பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தோடு சேர்த்துச் சொல்வார்கள். இருபத்து நான்கு மெட்டுகள், ஒவ்வொரு தந்திக்கும் இரண்டு ஸ்தாயி. ஸ்தாயிக்குப் பன்னிரண்டு இடங்கள் என்ற கணக்கு அப்படியே மரத்தில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. குடத்தையும் தண்டியையும் பலா மரத்தில் கடைவார்கள். மெட்டுகளை ஆணி அடித்து இறுக்காமல் கறுப்பு மெழுகில் பதித்து வைப்பார்கள். காலப்போக்கில் மெழுகு தளர்ந்து மெட்டு இடம் மாறினால், சுருதி தெரிந்த ஒருவர் உட்கார்ந்து மறுபடி ‘மேளம் கட்ட’ வேண்டும். காதை மட்டும் நம்பிச் செய்யும் வேலை அது.

மெட்டு இருந்தால் ஆர்மோனியம் போல ஸ்வரம் கட்டுண்டு நிற்காதா? நிற்காது. தந்திக்கும் தண்டிக்கும் நடுவே நிறைய இடைவெளி விட்டிருக்கிறார்கள். மெட்டின்மேல் அழுத்திய தந்தியை விரல் பக்கவாட்டில் இழுத்தால் சுருதி ஏறும்; ஒரே மெட்டில் நின்றபடி மேலே இரண்டு மூன்று ஸ்வரங்களைத் தொட்டுவிடலாம். நான்கு வாசிப்புத் தந்திகள் போக, பக்கவாட்டில் மூன்று தாளத் தந்திகளும் உண்டு. அவையும் சட்ஜ பஞ்சமம்தான் பேசும். தம்புரா, வாசிப்பு, தாளம் மூன்றும் ஒரே உடம்பில்.

பழைய யாழுக்கு இந்த வசதி இல்லை. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் குழல் முன்னே போக, யாழ் அதன் வழி நிற்க, தண்ணுமை யாழின் வழி நிற்க என்று ஒரு வரிசை வரும். ஒருவர் முன்னே போக மற்றவர்கள் அந்தத் தடத்தில் நடப்பது என்ற பக்கவாத்திய மரபு அத்தனை பழையது. ஆனால் யாழில் ஸ்வரத்துக்கு ஒரு நரம்பு. நரம்பை மீட்டிவிட்டால் அசைக்க இடமில்லை. கமகம் முக்கியமாகிப்போன காலத்தில் யாழ் பின்வாங்கியதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும் என்பது என் ஊகம்.

வயலினின் கதை இதற்கு நேர்மாறு. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் சென்னையில் ஐரோப்பிய வாத்தியக் குழுவினரிடம் வயலின் கற்றுக்கொண்டார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலு அதைத் திருவிதாங்கூருக்குக் கொண்டுபோனார். சுவாதித் திருநாள் மகாராஜா 1834-இல் அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார். வந்து சில பத்தாண்டுகளுக்குள் குரலுக்குத் துணையாக வேறு எதையும் யோசிக்க முடியாத அளவுக்கு அது ஊன்றிவிட்டது.

காரணம் எளிது. வயலினில் மெட்டு கிடையாது, வில் போகிற வரை ஒலி நிற்காது. குரலுக்கு இருக்கும் இரண்டு குணமும் அதற்கு உண்டு. ஆனாலும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. மேற்கத்திய முறையில் நான்கு தந்திகளும் வெவ்வேறு ஸ்வரங்களுக்குச் சேர்க்கப்படும். இங்கே ச, ப, ச, ப என்று மாற்றினார்கள். வெறும் தந்தியைத் தொட்டால்கூட அது தம்புராவோடு கலந்துவிடும். நின்றுகொண்டு தாடையில் இடுக்கிப் பிடிப்பதை விட்டுவிட்டு, சம்மணமிட்டு உட்கார்ந்து அதன் தலையை வலது பாதத்தில் முட்டுக்கொடுத்தார்கள். வாத்தியத்தைத் தாங்கிப் பிடிக்கிற வேலை இடது கைக்கு இல்லாமல் போனது. அது தந்தியின் முழு நீளத்துக்கும் வழுக்கிக்கொண்டு போய் வரலாம். வயலினின் மரத்தில் ஒரு கீறல்கூடப் போடாமல், உட்காரும் விதத்தையும் சுருதியையும் மட்டும் மாற்றி அதைக் கர்நாடக வாத்தியமாக்கிவிட்டார்கள். பின்னால் வந்த மாண்டலினுக்கு அது போதவில்லை. யு. ஸ்ரீநிவாஸ் இரட்டைத் தந்திகளை ஒற்றையாக்கி, ஐந்தாவது தந்தி சேர்த்து, மின்சார மாண்டலினில்தான் ராகத்தை இழைத்தார்.

நாகஸ்வரத்தில் மாற்றம் மரத்திலேயே நடந்தது. பழைய திமிரி நாகஸ்வரம் நீளம் குறைவு, சுருதி நாலு, நாலரைக் கட்டை. வீதியில் சாமி புறப்பாட்டுக்கு அந்த உச்சம் தேவை. டி.என். ராஜரத்தினம் பிள்ளை நீளமான, இரண்டு இரண்டரைக் கட்டையில் பேசும் பாரி நாகஸ்வரத்தை நிலைநிறுத்தினார். சுத்த மத்தியமம் சுத்தமாகப் பேசும்படி அதைச் செம்மை செய்தவர் நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி. கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் இடையே இருக்கிற அந்த ஊரின் நாகஸ்வரத்துக்கு 2022-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆச்சா மரம்தான் வேண்டும். அதுவும் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற, பல்லாண்டு காய்ந்த மரமாக இருந்தால் நல்லது. பச்சை மரம் வெடித்துவிடும்.

நாகஸ்வரத்தில் விரல் வைக்கும் துளை ஏழு. கீழ்ப்பகுதியில் இன்னும் ஐந்து உண்டு, அவற்றில் விரல் படாது. மெழுகை அடைத்தும் எடுத்தும் சுருதியைத் திருத்துவதற்காக அவை. மீதி வேலை எல்லாம் சீவாளியில். காவிரிக் கரை நாணலைப் பதப்படுத்திச் செய்த அந்த ஊதுமுனையை உதடு எவ்வளவு அழுத்துகிறது, மூச்சு எவ்வளவு போகிறது என்பதில்தான் அரைச் சுருதியும் கால் சுருதியும் இருக்கின்றன. தோடிக்குப் பேர்போனவர் ராஜரத்தினம் பிள்ளை. அந்தக் காந்தாரத்தை இரவெல்லாம் அசைத்தது விரல் மட்டுமல்ல, நுரையீரலும் உதடும்தான்.

ஸ்வரம் பாடும் வாத்தியங்கள் சுருதி சேர்வதில் ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம் மிருதங்கத்தில் இருக்கிறது.

சாதாரணமாக இழுத்துக் கட்டிய தோலைத் தட்டினால் வருவது ஓசை; அதில் இன்ன ஸ்வரம் என்று சொல்ல முடியாது. அதன் முதல் அதிர்வு ஒன்று என்றால் அடுத்தது சுமார் 1.59 மடங்கு, அதற்கு அடுத்தது சுமார் 2.14. இந்த எண்கள் ஒன்றோடொன்று ஒட்டாது, அதனால் காதும் அவற்றை ஒரு ஸ்வரமாகச் சேர்த்துக்கொள்ளாது. இரண்டு, மூன்று, நான்கு என்று முழு மடங்குகளில் வந்தால்தான் ஸ்வரம் பிறக்கும். தந்தியில் அது இயல்பாகவே வருகிறது. தோலில் வரவழைக்க வேண்டும். வரவழைப்பது அந்தக் கறுப்பு வட்டம்.

கிட்டக்கல்லைப் பொடித்து, குழைந்த சோற்றோடு பிசைந்து, வலந்தலையின் நடுவில் மெல்லிய பூச்சாக இடுவார்கள். வழுவழுப்பான கல்லால் அது காயும் வரை தேய்ப்பார்கள். அப்புறம் அதன்மேல் இன்னொரு பூச்சு, மறுபடி தேய்ப்பு. நடுவில் கனம் கூடி விளிம்பை நோக்கி மெலிந்துகொண்டு வரும். ஒரே தடவையில் கொட்டி அப்பினால் பாளமாக இறுகித் தோலின் அசைவைப் பிடித்துக்கொள்ளும். பூச்சு பூச்சாகத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெடிப்புகள் விழுந்து, கனம் இருக்கும், விறைப்பு இருக்காது. ராமன் 1920-இலேயே இது பற்றி ஒரு குறிப்பு எழுதினார். 1930களில் விரிவாகவே ஆராய்ந்தார். இந்தத் தோலின் ஒன்பது வகை அதிர்வுகள் கலைந்து போகாமல் வெறும் ஐந்து ஸ்வர உயரங்களில் வந்து சேர்கின்றன என்றும், அந்த ஐந்தும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்ற முழு மடங்குகள் என்றும் கண்டார். தோல் தந்தியைப் போலப் பாடுகிறது.

இதைச் சமன்பாடு போட்டு யாரும் கண்டுபிடிக்கவில்லை. பூசுவது, தட்டிக் கேட்பது, சுரண்டுவது, மறுபடி பூசுவது என்று தலைமுறை தலைமுறையாகத் தோல் வேலை செய்த கைகள் எட்டிய இடம் இது. தமிழகத்தில் மிருதங்கம் செய்பவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். பசு, ஆடு, எருமை என மூன்று தோலும் ஒரு மிருதங்கத்துக்கு வேண்டும். தோலைத் தொட்டவர்களுக்கு மேடையின் பக்கம் நெடுங்காலம் இடம் இருந்ததில்லை. வித்வானின் கையைப் புகழ்ந்து எழுதியதில் நூற்றில் ஒரு பங்குகூட அந்த வாத்தியத்தைச் செய்த காதைப் பற்றி எழுதப்படவில்லை.

இன்னும் ஒரு நுணுக்கம். வலந்தலையின் தோல் அடுக்குகளுக்கு இடையே சிறு குச்சிகளைச் செருகுவார்கள், அல்லது கல்பொடி தூவுவார்கள். குச்சி மிருதங்கம், கப்பி மிருதங்கம் என்று பெயர். அதிரும் தோல் இவற்றை உரசும்போது ஒரு மெல்லிய ரீங்காரம் கூடும். தம்புராவில் நூல் செய்கிற அதே காரியம். இடப்பக்கத் தொப்பியில் இப்படி நிரந்தரமான பூச்சு கிடையாது. கச்சேரிக்குச் சற்று முன் ரவையைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து அப்புவார்கள். முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். ரவை எவ்வளவு அப்புகிறோமோ அவ்வளவுக்கு அடிச்சத்தம் கீழே இறங்கும். ஆண் குரலுக்குப் பெரிய தக்கு மிருதங்கம், பெண் குரலுக்குச் சிறிய எச்சு மிருதங்கம் என்று தனித்தனியாக வைத்திருப்பார்கள். ஒன்றையே முறுக்கி எல்லாருக்கும் சேர்த்துவிட முடியாது. தபலாவிலும் இதே தத்துவம்தான். அங்கே இடது பக்கத்திலும் கறுப்பு வட்டம் நிரந்தரம், அதுவும் நடுவில் இல்லாமல் ஓரமாகத் தள்ளியிருக்கும்.

தாளத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் லயக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை; ஒரு தட்டும் மூன்று விரலும் நான்கு, பிறகு இரண்டு முறை தட்டு வீச்சு. பாடகர் தொடையில் போடுவதும் பார்வையாளர்கள் பாதிப்பேர் போடுவதும் இதுதான். மிருதங்கம் இந்த எண்ணிக்கையை வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டிருப்பதில்லை என்பதைக் கவனிக்கலாம். தபலா, தேக்கா என்ற நிலையான சொற்கட்டால் தாளத்தைச் சுற்றிச் சுற்றிக் காட்டும். மிருதங்கம் கீர்த்தனையின் நடையைப் பின்பற்றி வாசிக்கும்; எண்ணிக்கையைப் பார்த்துக்கொள்வது கையின் பொறுப்பு. அதனால்தான் கர்நாடகக் கச்சேரியில் இத்தனை கைகள் ஆடுகின்றன.

கடத்தைச் சுருதி சேர்க்கவே முடியாது. மண் சுட்டாகிவிட்டால் சுருதி முடிவாகிவிட்டது. மானாமதுரைக் குயவர்கள் கனமான, சுவர் ஒரே சீராக உள்ள பானையைச் சுட்டு எடுப்பதில் பேர்பெற்றவர்கள். அரைக் கட்டைக்கு ஒன்றாக வாங்கி அடுக்கிக்கொள்வதைத் தவிர வித்வானுக்கு வேறு வழியில்லை.

கஞ்சிரா இந்தக் கூட்டத்தில் ஒரு போக்கிரி. புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை அதைக் கச்சேரி மேடைக்கு ஏற்றினார், அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை அதைப் பிரபலமாக்கினார். மற்ற எல்லாரும் சட்ஜத்தைத் தேடும்போது கஞ்சிராக்காரர் ஒரு கிண்ணத் தண்ணீரில் விரலை நனைத்துத் தோலின் பின்பக்கம் தடவிக்கொண்டிருப்பார். ஈரம் பட்டால் தோல் தளரும், ஓசை கீழே இறங்கும். விளக்குச் சூட்டில் காய்ந்தால் ஏறிவிடும், மறுபடி தண்ணீர். ஒரு கையால் சட்டத்தைப் பிடித்தபடி அதே கையின் விரலால் தோலை அழுத்தி, குரலை மேலும் கீழும் வழுக்கவிடுவார். ஆதாரத்தோடு ஒட்டாத, சுருதியில் நிலைக்காத ஒரே பக்கவாத்தியம் இது. தாள வாத்தியத்தில் கமகம் போட வேண்டுமென்றால் இப்படித்தான் முடியும்.

அந்தத் தோல் உடும்புத் தோல். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் உடும்பு வந்துவிட்டதால் இன்று ஆட்டுத் தோலையும் செயற்கைத் தோலையும் வைத்துச் செய்கிறார்கள். செயற்கைத் தோலுக்குத் தண்ணீர் தேவையில்லை, வெயிலோ மழையோ ஓசை மாறாது. ஆனால் உடும்புத் தோல் விரலுக்கு இசைந்து கொடுத்த அளவுக்கு அது கொடுப்பதில்லை என்று வாசிக்கிறவர்கள் சொல்கிறார்கள். உடும்புத் தோலை ஈடுகட்டும் தோலைத் தேடி இன்னமும் ஆட்டுத் தோலின் கனத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.